பவுசர் அண்ணை பொலிசுக்கு எடுத்த ரெலிபோன்

ரொறன்ரோவில் இருக்கிற தமிழரில் சாவுக்குப் பயப்படுகிற ஒரே மனிதர் பவுசர் அண்ணைதான். மற்ற எல்லோரும் சனம் என்ன சொல்லும் என்பதற்கு மட்டும்தான் பயப்படுகிறோம். செத்தாலும் பரவாயில்லை, செத்தவீட்டில் ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது. எங்கள் கொள்கை அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய தமக்கைக்கே ஆளை விளங்காது. கனடாவுக்கு வரமுதல் சவூதியில் பாலைவனத்து ரோட்டில் தண்ணீர் பவுசர் ஓட்டியவர். ரோட்டுப் போடுகிறவர்களின் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய லொறி அது. இங்கே வந்து வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு கேக் பேக்டரியில் என்னோடு வேலை செய்தார். லொறியை விட்டு இறங்கிப் பல வருசம். பாலைவனத்தை விட்டு மனிதர் இறங்கவே இல்லை.

நான் மோர்னிங்சைட்டில் இருந்து அவருடைய காரில்தான் வேலைக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காரை எடுக்கமுதல் சுற்றிவந்து ஒவ்வொரு ரயரையும் காலால் உதைப்பார். குனிந்து கீழே பார்ப்பார். மூடியைத் திறந்து எஞ்சினை மணந்து பார்ப்பார். பனி கொட்டும், நான் வெளியே நின்று நடுங்குவேன். டிக்கியைத் திறந்தால் தண்ணீர்க் கான், மண்வெட்டி, கயிறு, கம்பளி, விசில், முகம் பார்க்கிற கண்ணாடி. ஸ்பெயர் ரயர் ஒன்றுக்கு இரண்டு. என் சாப்பாட்டுப் பையை மடியில்தான் வைத்துக்கொண்டு போவேன்.

பெற்றோல் முள்ளு பாதிக்கு வந்தால் அவருக்கு முகம் கறுத்துவிடும்.

"முடிஞ்சுது."

"பாதி கிடக்கண்ணை."

"பாதி போகத்தான் காணும். திரும்பி வர?"

"நாங்கள் போறது பேக்டரிக்கு. வழி முழுக்கப் பெற்றோல் செட்தானே கிடக்கு."

"இண்டைக்குக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவார்.

பொழுதுபடுகிற நேரம் மார்க்கம் ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்துதான் போவார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்து, பக்கத்தால் வெட்டி, விரலையும் காட்டிவிட்டுப் போவான். பவுசர் அண்ணை அவனுக்குக் கையைக் காட்டி வணக்கம் சொல்லுவார்.

"இந்த நேரம்தான் தம்பி, ஒட்டகம் ரோட்டில வந்து படுக்கிறது. தார்ச் சூடு அதுக்குச் சுகம்."

"அண்ணை, இது ஸ்காபரோ."

"எனக்குத் தெரியும்."

"இஞ்ச ஒட்டகம் இல்லை."

"உன்னை ஆர் ஒட்டகம் தேடச் சொன்னது? ஏதாவது படுத்துக் கிடக்குதோ எண்டு பார்."

இதெல்லாம் பொறுக்கலாம். அவருடைய ரெலிபோனைத்தான் பொறுக்க முடியாது. தெரிந்தவர்கள் எவர் எங்கே வெளிக்கிட்டாலும் அவருக்கு இரண்டு விசயம் தெரியவேண்டும்: எந்த ரோட்டால் போகிறாய், எத்தனை மணிக்குச் சேருவாய். ஸ்ரௌவ்வில்லில் வீடு குடிபூருகிறவனிடமும் கேட்பார், மொன்றியல் போகிறவனிடமும் கேட்பார். சொன்ன நேரம் தாண்டினால் ரெலிபோன் அடிக்கும். எடுக்காவிட்டால் எடுக்கும்வரைக்கும் அடிக்கும். ஒரு கலியாணத்தில் மேடைக்கு ஏறி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஹொட்டேல்? எப்ப போய்ச் சேருவியள்?" என்று கேட்டார். மாப்பிள்ளை சிரித்துச் சமாளித்தான். அன்றிரவு சொன்ன நேரத்துக்கு மேல் கால் மணித்தியாலம் பொறுத்துவிட்டு அடித்திருக்கிறார். அந்தப் பெடியன் இப்பவும் என்னைக் கண்டால், "உங்கட ஆளாலதான் அங்கிள்" என்று பல்லைக் கடிப்பான். எங்கட ஆளாம். எனக்குப் பட்டம் வேறு.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மனிசியின் தம்பி சுதன் போய் வாயைக் கொடுத்தான்.

சுதனுக்கு ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு, அதைவிடப் பெரிய வாய். போன கோடை, கூட்டாளி ஒருத்தனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மனிசி பிள்ளைகளோடு லாஸ் வேகாசுக்குப் போனான். அங்கிருந்து ஒரு வானை வாடகைக்கு எடுத்து, நெவாடாப் பாலைவனத்தை ஊடறுத்து, வடக்கே ரஞ்சி வீட்டுக்குப் போகத் திட்டம். ரஞ்சி, சுதனுக்கும் என் மனிசிக்கும் சித்தப்பா மகள். சுதனின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்கு ரஞ்சிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லாமல், அழைப்புக் காட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அதோடு கதை பேச்சு இல்லை. அந்தக் கோபத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம். ஒரு காட்டுக்காகப் பாலைவனம் கடக்கிற சாதி நாங்கள்.

பயணத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தான். பகிடிக்காகப் பவுசர் அண்ணையையும் அதில் சேர்த்துவிட்டான். வெளிக்கிடுகிற அன்று விடிய, வானின் நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்துப் படம் போட்டான். தேசிக்காயை ரொறன்ரோவில் இருந்து கொண்டுபோயிருக்கிறான்.

பவுசர் அண்ணை குரல் அனுப்பினார்: "தம்பி, வடிவா வைச்சிருக்கிறாய். அஞ்சாம் ரயர் எங்க? ஸ்பெயருக்குக் காத்துப் பாத்தனியே? தண்ணி எவ்வளவு ஏத்தினனி? பெரிய ரோட்டை விட்டு இறங்காத, வான் நிண்டால் அதை விட்டிட்டு நடக்காத. வானை முழுசாத் தெரியிறமாதிரி ஒரு படம் அனுப்பு."

சுதனின் பதில்: "ஸ்பெயருக்கும் ஒரு தேசிக்காய் வைக்கட்டோ அண்ணை? தண்ணி கொஞ்சம்தான், முறுக்குத்தான் கனக்க ஏத்தினனான்." அதோடு ஒரு படம். வானின் பின்பக்கம் நின்று, விறைத்துக்கொண்டு சலூட் அடிக்கிறான். குழு முழுக்க சிரித்தது. நானும் சிரிப்புப் படம் ஒன்று போட்டேன்.

சில மணித்தியாலத்தில் இன்னொரு குரல். "பவுசர் அண்ணை, உங்கட பெரிய ரோட்டில ஒரு சனமும் இல்லை, போரடிக்குது. ஒரு கிராமம் வந்தது, அதிலை பெற்றோல் செட் மூடிக் கிடக்கு. அது தாண்டி வலப்பக்கம் ஒரு மண் ரோட்டு. போன் மப் அதைத்தான் கிட்ட எண்டு காட்டுது. அதால இறங்கிறம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரஞ்சி வீட்டில நிப்பம். ஒட்டகம் வந்தால் உங்களைச் சுகம் கேட்டதாச் சொல்லுறன்."

பிறகு ஒன்றும் இல்லை.

அங்கே மத்தியானம் தாண்டி வெகுநேரம். இங்கே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். என் வீட்டுக் கதவு தட்டுப்பட்டது. பவுசர் அண்ணை, சப்பாத்தும் கழற்றாமல் நிற்கிறார்.

"சேர்ந்திட்டாங்களோ?"

"சேர்ந்திருப்பாங்கள் அண்ணை."

"சேர்ந்திருப்பாங்கள் எண்டு ஒரு ஊர் இருக்கோ? சேர்ந்திட்டாங்களோ?"

சுதனுக்கு அடித்தோம். மணி போகவே இல்லை. அவன் மனிசியின் போனும் அப்படித்தான். "ரஞ்சிக்கு எடும்" என்று மனிசியிடம் சொன்னேன்.

"நான் எடுக்கமாட்டன். இவன் ஒருவேளை ஹொட்டேலில தங்கிப்போட்டு நாளைக்குப் போற யோசினையோ தெரியாது. நான் எடுத்து 'வந்திட்டினமோ' எண்டு கேட்டால் அவளுக்கு விளங்கிடும். பிறகு அதுக்கும் கோபிப்பாள். நீங்கள் எடுங்கோ."

"உங்கட குடும்பச் சண்டைக்குள்ள என்னை ஏன் இழுக்கிறீர்?"

பவுசர் அண்ணை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கையை நீட்டி நம்பரை வாங்கினார். எல்லோருக்கும் கேட்கிறமாதிரிப் போட்டு ரஞ்சிக்கு அடித்தார்.

"ஆர் பேசுறது?"

"பவுசர்."

"எந்தப் பவுசர்?"

"அதை விடு பிள்ளை. சுதன் வந்திட்டானோ?"

ரஞ்சி வெடித்தாள். "வரேல்லை! வரமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். விடியத் தொடக்கம் நிண்டு சமைச்சு வைச்சிருக்கிறன், நண்டுக்கறி, புட்டு, எல்லாம் ஆறிப்போச்சு. காட் குடுக்கத் தெரியாத ஆக்கள், வாறம் எண்டு சொல்லிப்போட்டு எங்கயோ நிண்டு என்னை அவமானப்படுத்தினம்."

"நீ எடுத்துக் கேட்டனியே?"

"நான் ஏன் எடுக்கிறது? வாறவைதானே எடுக்கவேணும்!"

அங்கே பாலைவனம் தாச்சிபோலக் கொதிக்கிறது. அதற்குள் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் காணாமல் போயிருக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள் கேட்கவில்லை, கேட்டால் வெட்கம். அந்தப் பக்கம் அவள் கேட்கவில்லை, கேட்டால் தோல்வி. உலகத்தில் வேறு எந்தச் சனமாவது இப்படிச் சாகுமோ தெரியாது.

பவுசர் அண்ணை ரெலிபோனை மேசையில் வைத்தார். அதுவரைக்கும் அவர் சொல்லாத ஒன்றை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சவூதியில எங்கட முகாம் பெடியள் மூண்டு பேர் வெள்ளிக்கிழமை காரெடுத்துக்கொண்டு மற்ற முகாமுக்கு வெளிக்கிட்டவங்கள். வரேல்லை எண்டு அந்த முகாம் ஒருத்தரையும் கேக்கேல்லை, வெளிக்கிடாமல் நிண்டிட்டாங்கள் எண்டு நினைச்சிட்டாங்கள். நாங்கள் அங்க நிக்கிறாங்கள் எண்டு நினைச்சிட்டம். கார் மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தது. ரோட்டில இருந்து கூப்பிடு தூரம். நான் அந்த ரோட்டாலதான் போய்வந்தனான் தம்பி. பவுசர் நிறையத் தண்ணியோட."

பிறகு அவர் நெவாடாப் பொலிசின் நம்பரைத் தேடத் தொடங்கினார். மனிசி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஐயோ அண்ணை, பொலிசோ? சனம் என்ன நினைக்கும்?"

"செத்தால் நல்லாத்தான் நினைக்கும் பிள்ளை. விடு கையை."

அவருடைய இங்கிலிசை நான் பேக்டரியில் வருசக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர்மார் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடுகிற இங்கிலிஸ் அது. அன்றைக்கு அந்த இங்கிலிசில் ஒரு சொல்லும் வீண்போகவில்லை. "மேடம், ஐ ஆம் ரொறன்ரோ. வன் ஃபமிலி, ரூ சில்ட்ரன், யுவர் டெசேர்ட். நொட் றீச்ட்." அந்தப் பெண் பொலிஸ் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன வாகனம்? சுதன் சலூட் அடித்த படத்தில், அவனுடைய வண்டிக்குப் பக்கத்தில் - வயிற்றைச் சொல்கிறேன் - வானின் நம்பர்த் தகடு பளிச்சென்று தெரிந்தது. எந்த ரோட்டு? பவுசர் அண்ணையை நக்கலடித்த குரலில் மூடின பெற்றோல் செட்டும், வலப்பக்கத்து மண் ரோட்டும் இருந்தன. எவ்வளவு தண்ணீர்? "வெரி லிட்டில் மேடம். மச் மச் முறுக்கு." முறுக்கு என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

அந்த விசரன் தன்னைக் காப்பாற்றுகிற தடயம் முழுவதையும் பகிடி பண்ணிப் பண்ணியே தந்திருக்கிறான். மரியாதையாக நடந்திருந்தால் செத்திருப்பான்.

இங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே பொலிஸ் திரும்ப எடுத்தது. வானைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மண் ரோட்டுக் கல் ரயரைக் கிழித்திருக்கிறது. சூட்கேஸ், அரிசி மா, ரஞ்சிக்குக் கொண்டுபோன கேக் எல்லாவற்றையும் இறக்கி ஸ்பெயர் ரயரை எடுத்தால் அது தலையணைபோல அமுங்கியது. தாயும் பிள்ளைகளும் வானின் நிழலுக்குள் கிடந்தார்கள். கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல்கள் எப்போதோ முடிந்துவிட்டன.

சுதன் இல்லை.

உதவி தேடி நடந்துபோனானாம். ரொறன்ரோவில் பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் கார் எடுக்கிறவன், பாலைவனத்தில் நடந்துபோனானாம். அதைக் கேட்டதும் பவுசர் அண்ணை சுவரோடு சாய்ந்து அப்படியே இருந்துவிட்டார். "வாகனத்தை விட்டிட்டு நடக்கக்கூடாது எண்டு சொன்னனான்" என்றார். "எத்தினை தரம் சொன்னனான்." என் மனிசி சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி போட்டேன். ஒருத்தரும் குடிக்கவில்லை. ஒரு ஆள் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று காத்திருக்கிற நேரத்துக்கு அளவு கிடையாது. அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

ஆளைக் கண்டார்கள். ஒரு பற்றைக்குக் கீழே, சேட்டைக் கழற்றித் தலையில் போட்டபடி, ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டு இருந்தானாம். பொலிசுக்கு அந்தப் பாசை விளங்கவில்லை. பொலிசோடு கூடப்போன மகளுக்கு விளங்கியது. "நான் காட் அனுப்பினனான், நீதான் திறந்து பாக்கேல்லை" என்று ரஞ்சியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்தான். சிறுநீரகம் தப்புமோ என்று சந்தேகப்பட்டார்கள். தப்பியது.

இனி நடந்ததைக் கேளுங்கள். பொலிஸ் விசாரிக்க ரஞ்சி வீட்டுக்கும் போயிருக்கிறது. வாசலில் பொலிஸ் காரைப் பக்கத்து வீட்டுச் சனம் பார்த்துவிட்டதாம். "என்ரை வீட்டுக்குப் பொலிசை அனுப்பின அந்தப் பவுசர் ஆர்?" என்று குதித்தாள். சுதனும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "உண்மைதான் ரஞ்சி, அந்த மனிசன் சும்மா பெரிசாக்கிப் போட்டுது. நான் நடந்து ரோட்டுக்கு வந்திருப்பன்" என்றான். பிரிந்திருந்த குடும்பம் அந்த இடத்தில் ஒன்றுசேர்ந்தது. அழைப்புக் காட்டால் வந்த கோபத்தைத் தீர்க்க நெவாடா தேவைப்பட்டது. அதைத் தீர்த்துவைத்தது பவுசர் அண்ணை மேல் இரண்டு பகுதிக்கும் வந்த கோபம்.

வாசிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன், கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டே சொல்கிறேன். பாலைவனத்து ரோட்டில் போனால் ஆளுக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் ஏற்றுங்கள். பெற்றோல் செட்டைக் கண்டால் நிரப்புங்கள், அடுத்தது மூடிக் கிடக்கலாம். போன் அங்கே வேலை செய்யாது. மப் காட்டுகிற குறுக்கு வழி குழிக்குள் கொண்டுபோய் விடும். வண்டி நின்றால் வண்டியோடு நில்லுங்கள். வானைத் தூரத்தில் இருந்து காணலாம், மனிதனைக் காண முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது சேருவீர்கள் என்று வெட்கமில்லாத ஒருத்தரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வெட்கப்படுகிறவரிடம் சொல்லிப் பயன் இல்லை. சரி, சொல்லிவிட்டேன். தேசிக்காய் வாங்கக் கடைக்குப் போங்கள்.

உயிர் தப்பினதற்குச் சுதன் கோயிலில் அபிஷேகம் செய்து, மண்டபத்தில் சாப்பாடும் கொடுத்தான். ரஞ்சி குடும்பம் விமானம் ஏறி வந்திருந்தது. எல்லோருக்கும் தானே ரெலிபோன் எடுத்து அழைப்புச் சொன்னான். அந்தப் பாடத்தை மட்டும் படித்திருக்கிறான். மண்டபத்தில் சுதன் வேட்டியோடு நடுவில் நின்று, தான் பாலைவனத்தில் நடந்த கதையைச் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் நடந்த தூரம் கூடுகிறது. முடிவில், "அடுத்த டிசம்பர் அவுஸ்திரேலியா. பேர்த்தில இருந்து அடிலெய்ட், முழுக்க ட்ரைவ்" என்றான். சனம் கைதட்டியது.

நான் அவனைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"பவுசர் அண்ணைக்குச் சொல்லேல்லையோ?"

"அத்தான், ரஞ்சி வந்திருக்கிறாள். அந்த மனிசனைக் கண்டால் பிரச்சினை வரும். நீங்கள் சாப்பிடுங்கோ, பாயாசம் நல்லா வந்திருக்கு."

"உன்ரை பாயாசத்தை நீயே குடி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மனிசி பின்னால் கூப்பிட்டாள். திரும்பவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே பவுசர் அண்ணை வீட்டுக்குப் போனேன்.

சாரம் கட்டியபடி வந்து கதவைத் திறந்தார். வீடெல்லாம் கருகின மணம்.

"சுதனுக்கு இரத்தப் பரிசோதனை எப்பிடி வந்தது?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எல்லாம் நல்லம். அவுஸ்திரேலியாப் பாலைவனத்துக்குப் போகப்போறான்."

"எந்த மாசம்?"

"டிசம்பர்."

"அங்க அதுதான் கோடை" என்றார். கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முகம் அப்படியே வாடிப்போய்விட்டது. அபிஷேகம் நடப்பது அவருக்குத் தெரியும். என் நெற்றியில் சந்தனம் இருந்தது. அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நான்தான் சந்தனத்தை அழித்துத் துடைத்தேன். கோபத்தில்தான். வேறொன்றும் இல்லை.

"சாப்பிட்டனியே?"

"இல்லை."

சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவந்து வைத்தார். சோறு குழைந்து கஞ்சியாகிக் கிடந்தது. பருப்பு அடிப்பிடித்திருந்தது. கத்தரிக்காய் வேகவே இல்லை. உப்பு மட்டும் ஒரு முகாமுக்குக் காணும். என் வயதுக்கு இவ்வளவு மோசமான சாப்பாட்டை நான் எங்கேயும் தின்றதில்லை. அவர் முன்னால் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ அண்ணை" என்றேன்.